டூவிக்ஸுக்கு வழக்கறிஞர் இல்லை

‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ தொடரைப் பார்த்த இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி டூவிக்ஸிடம் வந்து நிற்கும். 1995 முதல் 2001 வரை ஏழு பருவங்கள் ஓடிய தொடர் அது. டூவிக்ஸ் முழுமையாக வாழ்ந்தது அதில் ஒரே ஓர் அத்தியாயத்தில், 1996 மே 6 அன்று ஒளிபரப்பானதில். முக்கால் மணி நேரத்துக்குள் அவர் பிறந்து, தனக்குப் பெயர் வைத்துக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்து, நண்பர்களைச் சம்பாதித்து, உயிருக்காகக் கெஞ்சி, இல்லாமலும் போகிறார். கேப்டன் ஜேன்வே செய்தது கொலையா மீட்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அதைக் கொலை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சண்டை வழக்கமாக நடக்கும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு உயிர் பெரிதா ஓர் உயிர் பெரிதா என்ற கணக்கோடு பேச்சு நின்றுவிடுகிறது. தவறு நடந்தது வேறிடத்தில்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். வாயேஜர் விண்கலம் பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டுக்கு அப்பால் எறியப்பட்டுவிட்டது. முழு வேகத்தில் வந்தாலும் ஊர் திரும்ப 75 ஆண்டு பிடிக்கும். மேலதிகாரிகளின் ஆணையோ நீதிமன்றமோ எட்டாத தொலைவு. அங்கே கேப்டன் சொல்வதே சட்டம். கலத்தின் பாதுகாப்பு அதிகாரி டூவோக், உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தின் வழி நடக்கும் வல்கன் இனத்தவர். சமையற்கூடத்தைக் கவனிப்பவர் நீலிக்ஸ், டலாக்ஸிய இனத்தவர். ஓயாமல் பேசுவார், ஆளாளுக்கு ஆறுதல் சொல்வார், டூவோக்கைச் சிரிக்க வைத்தே தீருவது என்று கங்கணம் கட்டியிருப்பார். ஒரு கோளில் செடிகளைச் சேகரித்துவிட்டு இருவரும் டிரான்ஸ்போர்ட்டர் வழியே கலத்துக்குத் திரும்புகிறார்கள். ஆளை அணுவணுவாகப் பிரித்து அனுப்பி மறுமுனையில் கூட்டும் கருவி அது. சேகரித்த செடிகளில் ஓர் ஆர்க்கிட்டும் இருந்தது. இரண்டு உயிரினங்களை ஒன்றாக்கும் நொதி அதற்குள் இருந்தது. மறுமுனையில் வந்து நின்றவர் ஒரே ஒருவர். இருவரின் நினைவுகளும் அவரிடம் இருக்கின்றன. போட்டிருக்கும் சீருடையில்கூட நீலிக்ஸின் பூப்போட்ட துணி கலந்திருக்கிறது. ஆனால் அவர் டூவோக்கும் இல்லை, நீலிக்ஸும் இல்லை.

வாரங்கள் ஓடுகின்றன. டூவோக்கின் பதவியை கேப்டன் அவருக்கே தருகிறார். சமையலும் அவர் கையில் தேறிவிடுகிறது. கலத்தில் எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போகிறது. அப்போதுதான் மருத்துவர் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்: ஒருவரின் மரபணுவில் மட்டும் கதிரியக்கக் குறியிட்டு, டிரான்ஸ்போர்ட்டர் மூலம் அதைத் தனியே பிரித்தெடுக்கலாம். டூவோக்கும் நீலிக்ஸும் திரும்பி வருவார்கள், டூவிக்ஸ் இருக்க மாட்டார். டூவிக்ஸ் மறுக்கிறார். ஜேன்வே ஓர் இரவு யோசித்து, பிரித்துவிடுவது என்று முடிவெடுக்கிறார். மருத்துவர் செய்ய மாட்டேன் என்று விலகிக்கொள்கிறார். விசையை ஜேன்வேயே இயக்குகிறார்.

கென்னத் பில்லர் எழுதிய திரைக்கதை இது. டூவிக்ஸாக நடித்தவர் டாம் ரைட். டூவோக்கின் நிமிர்ந்த கழுத்தையும் நீலிக்ஸின் அலைபாயும் கண்களையும் ஒரே உடலில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவரை உண்டாக்கிக் காட்டினார். அந்த நடிப்பு இல்லாவிட்டால் இத்தனை ஆண்டு விவாதமும் இருந்திருக்காது. பார்ப்பவர் மனதில் டூவிக்ஸ் ஓர் ஆளாக நிலைத்துவிட்ட பிறகுதான் கேள்வியே எழுகிறது.

விவாதிப்பவர்கள் முதலில் ஓடுவது கருவியை நோக்கித்தான். டூவிக்ஸைப் பிரதியெடுத்து ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பிரித்திருக்கலாமே என்பார்கள். ஆதாரமும் கையில் வைத்திருப்பார்கள். ‘ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1993 மே மாதம் வந்த ஓர் அத்தியாயத்தில், டிரான்ஸ்போர்ட்டர் கதிர் ஒரு கோளின் காற்றுமண்டலத்தில் பட்டுத் திரும்பியதால் ரைக்கர் என்ற அதிகாரி இருவராகிவிடுகிறார். எட்டாண்டுகள் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. எல்லாவற்றுக்கும் மூத்த முன்னுதாரணம் முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் 1966 அக்டோபரில் வந்த, ரிச்சர்ட் மேத்திசன் எழுதிய அத்தியாயம். அதில் கேப்டன் கிர்க்கை இதே கருவி இரண்டாகப் பிளக்கிறது, ஒருவர் சாது, ஒருவர் முரடர். இருவரையும் மறுபடி ஒன்றாக்கும்போது முரட்டுக் கிர்க் உயிரோடிருக்க வேண்டும் என்று அலறுகிறார். அதை யாரும் கொலை என்று சொன்னதில்லை. டூவிக்ஸ் கதையைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் கிடைக்கும். ஒருவரைச் சேர்த்தால் நிம்மதி, ஒருவரைப் பிரித்தால் குற்றம் என்று நம் மனம் ஏன் எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். முரட்டுக் கிர்க்குக்குத் தனிப் பெயர் இல்லை, பதவி இல்லை, நண்பர் இல்லை. ஒரே நாளில் வந்து போனவர் அவர்.

டிரான்ஸ்போர்ட்டரே பணத்தட்டுப்பாட்டில் பிறந்த கருவிதான். வாரத்துக்கு ஒரு கோளில் கலம் இறங்குவதைப் படம்பிடிக்கக் கட்டுப்படியாகாது என்பதால் ஆட்களை மின்னி மறையவைத்தார்கள். அப்படி வந்த ஒன்றுக்கு முரணில்லாத இயற்பியலைத் தேடினால் கிடைக்காது. இரண்டு உடலின் எடையில் பாதி எங்கே போனது, உடைகள் எப்படிக் கலந்தன என்று கேட்கலாம். கேட்பதில் சுகமும் உண்டு. ஆனால் பிரதியெடுக்கும் யோசனையை நான் ஏற்பதில்லை. ரைக்கருக்கு நடந்தது விபத்து. வேண்டும்போது செய்யக்கூடிய வேலையாகத் தொடர் அதைக் காட்டவில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த யோசனை ஜேன்வேயைக் காப்பாற்றப் பார்க்கவில்லை, நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறது. ஒருவர் சாகாமல் இருவர் பிழைக்க வழியில்லாத ஓர் அறையைத் திரைக்கதை கட்டி வைத்திருக்கிறது. சுவரில் ஓட்டை தேடாமல் அந்த அறைக்குள் நின்று பேசினால்தான் பாத்திரத்தைப் பற்றிப் பேசியதாகும்.

கதையின் தர்க்கம் உண்மையிலேயே இடறும் இடம் ஒன்று இருக்கிறது. அது கருவியில் இல்லை. தொடர் தானே முன்னால் செய்து காட்டியதை மறந்துவிட்டதில் இருக்கிறது.

டூவிக்ஸுக்குச் சரியாகப் பதினொரு வாரம் முன்பு, 1996 பிப்ரவரி 19 அன்று, இதே கலத்தில் ஒரு விசாரணை நடந்தது. க்யூ என்று அழைக்கப்படும் சாவில்லாத இனத்தவர் ஒருவர் ஜேன்வேயிடம் அடைக்கலம் கேட்டு வருகிறார். அவருக்குச் சலித்துவிட்டது, சாக வேண்டும். அவருடைய இனம் அதை அனுமதிக்க மறுக்கிறது. ஜேன்வே நடுவராக உட்கார்கிறார். இரு தரப்பும் வாதாடுகின்றன. சாட்சிகள் வருகிறார்கள். ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்வதில் ஜேன்வேக்குச் சம்மதமில்லை. அதை வெளிப்படையாகவே சொல்கிறார். இருந்தும் தன் வாழ்வைப் பற்றிய முடிவு அந்த ஆளுக்கே உரியது என்று தீர்ப்பளிக்கிறார். அந்த விசாரணையில் அடைக்கலம் கேட்டவருக்காக வாதாடியவர் யார் தெரியுமா? டூவோக்.

இதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை. தன் இனத்தின் விருப்பத்துக்கு எதிராக ஒருவர் தன் உடலை என்ன செய்யலாம் என்பதைத் தர்க்கம் பிசகாமல் எடுத்துவைத்த அதே டூவோக், பதினொரு வாரம் கழித்து ஒருவரின் வாழும் உரிமை கேள்விக்கு வந்தபோது வாதாட இல்லை. டூவிக்ஸுக்காக வாதாடத் தெரிந்த ஒரே அதிகாரி அவருக்குள்ளேயே கரைந்திருந்தார். சாக விரும்பிய அந்நியருக்கு மேசையும் நாற்காலியும் போட்டு விசாரணை நடத்திய கேப்டன், வாழ விரும்பிய சக ஊழியருக்குத் தன் அறையில் ஒரு பேச்சுவார்த்தையோடு முடித்துக்கொண்டார். விசாரணை என்ற வழக்கம் அந்த உலகத்துக்குப் புதிதும் அல்ல. 1989இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் டேட்டா என்ற இயந்திர மனிதரைப் பிரித்து ஆராய ஆணை வந்தபோது, அவர் ஓர் உடைமையா உரிமையுள்ளவரா என்று முறையாக வழக்கே நடந்தது. அந்த அத்தியாயத்தை எழுதிய மெலிண்டா ஸ்நோட்கிராஸ் வழக்கறிஞராக இருந்தவர். டேட்டாவுக்குக் கிடைத்தது டூவிக்ஸுக்குக் கிடைக்கவில்லை.

ஜேன்வேயின் வாதத்தைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை. இல்லாதவர்கள் இருவருக்காகப் பேச வேண்டிய கடமை தனக்கு உண்டு என்கிறார் அவர். டூவோக்குக்கு வல்கனில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நீலிக்ஸ் திரும்ப வேண்டும் என்று அவர் நேசித்த கெஸ் கண்ணீரோடு வந்து நிற்கிறார். வாய்பேச முடியாத இடத்தில் இருப்பவர்களுக்காகக் குரல் கொடுப்பது கேப்டனின் வேலைதான். ஆனால் அதற்கு அவர் வைக்கும் அடிப்படையைப் பாருங்கள். டூவோக்கும் நீலிக்ஸும் இன்னொருவரைக் காப்பாற்றத் தங்கள் உயிரைத் தயங்காமல் கொடுப்பவர்கள், ஆகவே அவர்களாலான டூவிக்ஸும் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். இதே வாக்கியம் எதிர்த்திசையிலும் ஓடும். அவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்றால், டூவிக்ஸ் என்ற இன்னொருவர் வாழத் தங்கள் உயிரை அவர்கள் கொடுத்துவிட்டார்கள் என்றும் கொள்ளலாம். எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய ஒரு வாதத்தை ஒருவரின் மரணத்துக்குக் காரணமாக்க முடியாது. எதிரில் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருந்தால் அரை நிமிடத்தில் இதைச் சொல்லியிருப்பார்.

தியாகத்தைப் பற்றிப் பேச ஜேன்வேக்குத் தகுதி உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். டூவிக்ஸுக்கு ஏழு வாரம் முன்பு, மார்ச் 18 அன்று வந்த அத்தியாயத்தில் வாயேஜர் கலமே இரண்டாகிவிடுகிறது. இரண்டு ஜேன்வே, இரண்டு குழு. உறுப்புகளைத் திருடும் விடியன்கள் ஒரு கலத்தைப் பிடித்துவிட, அந்தக் கலத்தின் ஜேன்வே மற்றதைக் காப்பாற்றத் தன் கலத்தைத் தானே வெடிக்க வைத்துச் சாகிறார். தான் செய்யத் துணிந்ததையே டூவிக்ஸிடமும் எதிர்பார்த்தார் என்று சொல்லலாம். ஆனால் அந்த ஜேன்வே தன் முடிவைத் தானே எடுத்தார். கொடுக்கப்பட்டால்தான் அது தியாகம். தன்னைக் கோழை என்று சிலர் சொல்லக்கூடும் என்று டூவிக்ஸுக்கும் தெரியும். வாழும் ஆசை தனக்கு இரண்டு மடங்கு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார்.

ஜேன்வே பக்கம் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் என்னை விடாமல் துரத்துகிறது. விபத்து நடந்த அன்றே பிரிக்கும் வழி தெரிந்திருந்தால்? மருத்துவர் உடனே பிரித்திருப்பார், யாரும் கண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள். விபத்து எந்தக் கட்டத்தில் ஆளாக மாறியது? இதை ஜேன்வேயும் கேட்கிறார். நாட்கள் கழிந்ததால் மட்டும் ஒருவருக்கு உரிமை வந்துவிடுமா?

நம்முடைய விக்கிரமாதித்தன் கதைகளில் தலைமாறிய இருவரின் கதை உண்டு. அவர்களில் ஒருவனுக்கு மனைவி இருந்தாள். இனி யார் அவளுடைய கணவன் என்று வேதாளம் கேட்க, தலை எவனுடையதோ அவனே என்று அரசன் சொல்லிவிடுவான். தலையும் உடலும் தனித்தனியாகத் தெரிவதால் அந்தப் பதில் அவனுக்குக் கிடைத்தது. டூவிக்ஸிடம் தலை எது, உடல் எது என்று காட்ட முடியாது. ஆகவே அவர் எதனால் ஆனவர் என்று பார்த்துப் பயனில்லை. அவரை மற்றவர்கள் என்னவாக நடத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த வாரங்களில் கலத்தினர் அவரை நோயாளியாகப் படுக்கையில் வைத்திருக்கவில்லை. அவர் வைத்துக்கொண்ட பெயரால் கூப்பிட்டார்கள். கலத்தின் பாதுகாப்பை நம்பி ஒப்படைத்தார்கள். அவர் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். கேப்டன் அவரிடம் ஆலோசனை கேட்டார். ஒருவருக்கு இத்தனையும் கொடுத்துவிட்டு, நீ ஒரு விபத்துதான் என்று பிறகு சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை. முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது, நாட்காட்டியில் இல்லை.

இந்த இடத்தில் பலரும் தத்துவப் பாடத்திலிருந்து டிராலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஐவரைக் காக்க வண்டியை ஒருவர் மேல் திருப்பலாமா என்று பிலிப்பா ஃபூட் 1967இல் முன்வைத்த அந்தப் புதிரைவிட, ஜூடித் ஜார்விஸ் தாம்சன் விவரித்த அறுவை மருத்துவர் புதிர் இங்கே நெருக்கமானது: ஒரு நலமான ஆளின் உறுப்புகளை எடுத்து ஐந்து பேரைப் பிழைக்க வைக்கலாமா? ஆனால் எனக்குப் புதிர்களைவிட நிஜமாக நடந்த ஒன்றுதான் உதவியது. 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒட்டிப் பிறந்த இரு பெண் குழந்தைகளைப் பிரிக்கலாமா என்ற வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிமன்றம் அவர்களுக்கு ஜோடி, மேரி என்று மாற்றுப்பெயர் தந்தது. மேரியின் இதயமும் நுரையீரலும் அவளைத் தாங்கவில்லை. ஜோடியின் இதயமே இருவருக்கும் துடித்தது. பிரித்தால் மேரி உடனே இறப்பாள். பிரிக்காவிட்டால் சில மாதங்களில் இருவரும். கத்தோலிக்கரான பெற்றோர் பிரிக்க வேண்டாம் என்றார்கள். மூன்று நீதிபதிகள் விரிவாகக் கேட்டு, செப்டம்பர் 22 அன்று பிரிக்க அனுமதி தந்தார்கள். நவம்பரில் அறுவை நடந்தது. மேரி இறந்தாள், ஜோடி பிழைத்தாள்.

தீர்ப்பு சரியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. டூவிக்ஸின் நிலை இதைவிடத் தெளிவானது: பிரிக்காவிட்டால் அவர் நலமாக வாழ்வார், யாரும் புதிதாகச் சாகப்போவதில்லை. நான் கவனிப்பது வேறொன்றை. அந்த நீதிமன்றத்தில், பேசவே தெரியாத, சாகப்போகிற மேரிக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்றார். அவள் வாழ்வுக்கும் மதிப்பு உண்டு என்று வாதாடினார். நீதிபதிகள் அந்த வாதத்தை எழுத்தில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. வாயேஜரில் டூவிக்ஸ் தலைமைத் தளத்தில் நின்று, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, யாராவது எனக்காகப் பேசுங்கள் என்று மன்றாடுகிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த அத்தியாயத்தில் மிகக் கொடுமையான காட்சி அதுதான், பிரிக்கும் காட்சி அல்ல. அவரோடு நேற்றுவரை ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மருத்துவரின் மறுப்பைப் பலரும் பாராட்டுவார்கள். அவர் ஒளியால் ஆன ஹோலோகிராம், ஒரு கணினி நிரல். ஆள்தானா என்று அவரைப் பற்றியே சந்தேகம் இருக்கும்போது, விருப்பமில்லாதவரின் உயிரை எடுக்க மாட்டேன் என்று அவர் ஒருவர்தான் சொல்கிறார். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்துக் கருவியைத் தயாராக வைத்தவரும் அவரே. சொன்னபிறகு ஒதுங்கி நின்றார், குறுக்கே நிற்கவில்லை.

ஜேன்வே தன் கையாலேயே அதைச் செய்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆணையிட்டுவிட்டு அறைக்குள் போய்விடவில்லை. ஜேன்வேயாக நடித்த கேட் மல்க்ரூ அந்தக் கடைசி நிமிடத்தில் முகத்தை இறுக்கிக்கொண்டு வெளியேறுவது, வெற்றி பெற்றவரின் நடையல்ல. கேப்டன் தவறு செய்யும் கதையை எழுதத் துணிந்ததற்காக எழுத்தாளர்களை நான் மதிக்கிறேன். கேப்டன் எப்போதும் சரி என்று பழகிய தொடர்வரிசையில் அது பெரிய துணிச்சல். அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரம், மே 13. ஜேன்வேயும் துணைத் தலைவர் சக்கோடேயும் ஒரு நோயால் ஒரு கோளிலேயே தங்கிவிட, கலத்தின் தலைமை டூவோக்கிடம் வருகிறது. ஜேன்வேயின் நாற்காலியில் அவர் உட்காருகிறார். குழுவினரின் மனதைப் புரிந்துகொள்ளுங்கள் என்று கெஸ் அவரிடம் வந்து பேசுகிறார். ஏழு நாள் முன்பு டூவோக்கைத் திரும்பக் கொண்டுவர ஒருவரைக் கொன்றார்கள். அவர் உட்கார்ந்திருப்பதே அந்த மரணத்தால். ஒரு சொல் இல்லை. டூவிக்ஸாக இருந்த வாரங்கள் அவருக்கு நினைவிருக்கிறதா என்பதைக்கூட அத்தியாயம் சொல்வதில்லை. நீலிக்ஸிடமும் யாரும் கேட்கவில்லை.

இதற்கு அக்காலத் தொலைக்காட்சியின் வியாபாரம் ஒரு காரணம். வாயேஜர் யூபிஎன் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கிவைத்த தொடர். எந்த வாரம் பார்த்தாலும் புரிய வேண்டும், எந்த வரிசையில் மறுஒளிபரப்பு செய்தாலும் இடிக்கக் கூடாது. அத்தியாயம் முடிந்ததும் கலம் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வாயேஜரில் சிறிது காலம் வேலைசெய்து 1999இல் விலகிய ரொனால்ட் மூர், நடந்ததன் விளைவைச் சுமக்காத இந்தப் போக்கைக் கடுமையாக விமர்சித்தார். பிறகு 2003இல் அவர் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வைப் புதிதாக உருவாக்கியபோது, ஒரு பருவத்தில் எடுத்த முடிவு அடுத்த பருவம்வரை ஆட்களைத் துரத்தியது. 2023இல் ‘லோயர் டெக்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர் டூவிக்ஸ் விவகாரத்தைத் திரும்ப எடுத்து, ஜேன்வே செய்ததைக் கேட்டு அதிரும் கேப்டன் ஒருவரைக் காட்டியது. நல்ல தொடக்கம். ஆனால் கடைசியில், அதில் டூவிக்ஸைப் போல இணைந்தவர்கள் எல்லாரையும் சிந்தனையற்ற ஒரே பிண்டமாக்கிவிட்டுப் பிரித்தார்கள். பிண்டத்துக்கு விருப்பம் இல்லை, ஆகவே சிக்கலும் இல்லை. கேள்வியைத் தொட்டுவிட்டு நழுவிய வழி அது.

நான் கேட்பது ஒரே ஒரு காட்சி. டூவோக் குணமாகிப் பதவிக்குத் திரும்பிய பிறகு கலத்தின் பதிவேட்டைப் படித்து, ஜேன்வேயின் அறைக் கதவைத் தட்டும் காட்சி. நன்றி சொல்ல வந்திருப்பார் என்று ஜேன்வே நினைத்திருப்பார். பிப்ரவரியில் அவர் வாதாடியதை வைத்துப் பார்த்தால், எனக்காக நீங்கள் பேசினீர்கள், அவருக்காக யார் பேசியது என்றுதான் டூவோக் முதலில் கேட்டிருப்பார். முறையான விசாரணை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பார். அவரால் அதை உணர்ச்சியில்லாமல் கேட்டிருக்க முடியும். அதனாலேயே ஜேன்வேயால் அதைத் தட்டிக்கழித்திருக்க முடியாது. நீலிக்ஸ் வேறு மாதிரி ஆள். தன் குடும்பத்தைப் போரில் பறிகொடுத்தவர், உயிரோடிருப்பதைத் தினமும் கொண்டாடுபவர். அவர் ஜேன்வேக்கு நன்றிதான் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே நாளில் நடந்திருந்தால், டூவிக்ஸுக்குள் ஒன்றாக இருந்த இருவர் அவருடைய மரணத்தைப் பற்றி எதிரெதிராக நின்றிருப்பார்கள். தொடருக்கு இன்னும் ஐந்து பருவங்கள் மிச்சமிருந்தன. 2001 மே 23 அன்று வாயேஜர் பூமியைத் தொட்டு முடியும்வரை அவர்கள் இருவரிடமும் அது கேட்கப்படவில்லை.